முப்பது பேர் பார்த்த ஒற்றைக் கொம்பன்

எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்னைப் பற்றி அப்பாவிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "இவளுக்குக் கவனம் என்பதே கிடையாது." அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு வந்தார். ஐம்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு இப்போதுதான் நேரம் ஒழிந்தது.

கவனம் இல்லை என்பது பொய். அந்த வகுப்பில் என் அளவுக்குக் கவனமாக இருந்த பிள்ளை வேறு ஒன்று கிடையாது. ஜன்னலுக்கு வெளியே எத்தனை நிழல் மரம் நிற்கிறது, காற்று இல்லாதபோது எந்த மரத்துக் கிளை அசைகிறது, ஆலைச் சங்கு நேரத்துக்கு ஊதியதா பிந்தி ஊதியதா, நாய் குரைத்தது ஆளைப் பார்த்தா வேறு எதையாவது பார்த்தா, எல்லாம் எனக்கு அத்துப்படி. கரும்பலகை ஒன்றைத்தான் நான் பார்க்கவில்லை. வாத்தியார் எழுதும் எழுத்து என்னை ஒன்றும் செய்துவிடாது. பார்த்துக்கொள்ள வேண்டியது வெளியே இருப்பதை.

வெளியே இருந்தது ஆனை.

கேரளத்து ஏலப்பாறையிலிருந்து மூன்று மைல் மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். லயம் என்று சொல்வோம். ஒரே தகரக் கூரைக்கடியில் பத்து வீடு ஒட்டி ஒட்டி நிற்கும். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். எனக்கு அப்போது எட்டு வயது, எழுபதுகளின் நடுப்பகுதி.

அதுவரை நான் ஆனையைக் கண்ணால் கண்டதில்லை. காலண்டரில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த ஆனை பூமாலை போட்டுச் சாதுவாக நிற்கும். ஒருநாள் சாயங்காலம், பக்கத்து ஏலக்காட்டில் விறகு பொறுக்கப் போன அப்பா விறகு இல்லாமல் வந்தார். வாசலில் உட்கார்ந்தார். உதடு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கை நடுங்கி, தண்ணீர் வாய்க்குப் போகாமல் சட்டையெல்லாம் வழிந்தது. "ஆனை" என்று ஒரு சொல் சொன்னார். அம்மா என்னை இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது என் காதில் இடித்தது.

ஆனையை நான் படித்தது அப்படித்தான். அப்பாவின் உதட்டில் பாதி, அம்மாவின் நெஞ்சில் பாதி. ஒரே பாடத்தில் படித்து முடித்துவிட்டேன், மறக்கவும் இல்லை. வாத்தியார் ஆறு மாதம் நடத்தியும் ஏறாத எழுத்துகளை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நான் மக்குப் பிள்ளை இல்லை என்பது விளங்கும்.

அதற்குப் பிறகு கறுப்பாக எது தெரிந்தாலும் ஆனைதான். தண்ணீர்த் தொட்டி ஆனை. தார்ப்பாய் மூடிய லாரி ஆனை. காலையில் பள்ளிக்கூடம் போகிற நேரம் வந்தால் வயிறு வலிக்கும். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் பூச்சி மருந்து கொடுத்தார்; பூச்சி போனது, ஆனை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தால் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று இருக்கும். வீட்டில் இருந்தால் அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்று இருக்கும். லயத்துப் பிள்ளைகள் எனக்குப் 'பேடிச்சி' என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் பேடி என்றால் பயம். நாங்கள் தமிழில் பேசி மலையாளத்தில் வைது கொள்வோம்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா கொழுந்து பறிக்கிறவள். ஆனால் மூன்று வருஷமாக டெம்பரவரி. வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். அந்த வருஷம் மழை முடிந்ததும் நிரந்தரமாகப் பேரைப் பதிந்துவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பேர் பதிந்துவிட்டால் கம்பளி உண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டு, லயத்தில் எங்கள் வீடு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதற்குள் ஒரு புகாரும் வரக் கூடாது. பிள்ளைகள் கொழுந்துக் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பத்து மணிக்குப் பால் விடாத கட்டன்சாயாவைப் பிள்ளைகள் ரோடுவரை கொண்டு வரலாம். அம்மாமார் இறங்கி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்புதான் கீழ் லயத்து டெம்பரவரிக்காரி ஒருத்தி, கைப்பிள்ளையைச் செடிக்கடியில் படுக்கவைத்தாள் என்று வேலையை விட்டு நிறுத்தப்பட்டிருந்தாள்.

அடுத்து அத்தை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள். அடுத்த வீடு. அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் சௌசௌக் கொடி. நட்டது அம்மா, எங்கள் வாசலில். காய்த்தது அத்தை வீட்டுக் கூரையில். காய்த்ததை அத்தை பறித்துக் குழம்பு வைத்தாள். "வேர் எங்க நிக்குன்னு பாக்கணும்" என்று அம்மா கூரையைப் பார்த்துச் சொல்வாள். "காய் எங்க தொங்குதுன்னு பாக்கணும்" என்று அத்தை கோழியைப் பார்த்துச் சொல்வாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அம்மா அரிவாளோடு போய், அத்தை வீட்டுப் பக்கம் நீளும் தளிரையெல்லாம் நறுக்கிவிடுவாள்.

ஆனால் கொழுந்துக் காட்டில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த நிரை, அதாவது செடி வரிசை. காலையிலிருந்து சாயங்காலம்வரை தோளோடு தோள் நின்று பறிப்பார்கள், பேச மாட்டார்கள்.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. காலையிலிருந்து பெய்த மழை பத்து மணிவாக்கில் கொஞ்சம் விட்டது. நான் தூக்குப் போணியில் கட்டன்சாயா எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். மேலே சரிவில் முப்பது பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்டதால் நனைந்து கனத்த கம்பளிகளைக் கழற்றிச் சுருட்டிக் கூடையோரம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒன்று எஸ்டேட்டில் கொடுக்கும் கறுப்புக் கம்பளி. தலையில் கூம்பாக மடித்துப் போட்டுக்கொண்டால் முட்டிவரை மழை தொடாது.

அப்போதுதான் கீழிருந்து மஞ்சு, வெள்ளை மூடுபனி, ஏறியது. மலையில் மஞ்சு வருகிற வேகம் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. முதலில் செடிகள் போயின, அப்புறம் பெண்கள் போனார்கள், கடைசியில் அம்மா போனாள். பேச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. அதில் அம்மாவின் குரல் இல்லை. அத்தை பக்கத்தில் நிற்கும்போது அம்மா பேச மாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பயந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடாது. அம்மா இல்லை என்றுதான் தோன்றியது.

ரோட்டைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறிவிட்டேன். போணி கையில் ஆடியது. பாதி தூரம் ஏறியிருப்பேன். மேலே, மஞ்சுக்குள், அது நின்றது. கறுப்பாக, உயரமாக. ஒரு காது மெதுவாக ஆடியது.

போணியை எறிந்துவிட்டு நான் போட்ட கூச்சல் எதிர் மலையில் இடித்துத் திரும்பியதாம். "ஆனை! எம்மா, ஆனை!"

அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. முப்பது பெண்களும் ஒரே நேரத்தில் சரிவில் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. உருண்டார்கள், வழுக்கினார்கள், செடிகளை மிதித்துக்கொண்டு வந்தார்கள். காலையிலிருந்து பறித்த கொழுந்தெல்லாம் கூடை கூடையாகச் சேற்றில் கொட்டியது. "ஏசுவே!" என்று ஒருத்தி, "முருகா!" என்று ஒருத்தி, "என் செருப்பு!" என்று ஒருத்தி. அம்மா எங்கிருந்தோ வந்து என்னை ஒரு கையால் அள்ளிக்கொண்டு ஓடினாள். ரோட்டுக்கு வந்து நின்றபோது நான் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கண்ணைத் திறக்கவே இல்லை.

திடீரென்று எல்லோரும் அமைதியானார்கள். யாரோ ஒருத்தி 'க்ளுக்' என்று சிரிக்கத் தொடங்கினாள். உடனே யாரோ அவளை அடக்கினார்கள். "சூ, வாய மூடுட்டி. அவரு வாரார்." கீழ்வளைவில் சூப்பர்வைசரின் விசில் கேட்டது.

"நான் போய் என் கூடைய எடுத்துட்டு வாரேன்" என்றது அத்தையின் குரல்.

ஆனை நிற்கிற இடத்துக்குக் கூடைக்காகப் போகிறாளே என்று நான் நடுங்கினேன். இவ்வளவு பேராசையா என்றும் நினைத்தேன். ஆச்சரியம், அவளை யாரும் தடுக்கவில்லை. அத்தை திரும்பி வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். கூடை இடுப்பில் இருந்தது. கம்பளியைத் தலையோடு போர்த்தி முன்னால் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் மஞ்சு விலகி வெயிலே அடித்தது. வெயிலில் சொட்டச் சொட்ட ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரே ஆள் அவள்தான். குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

சூப்பர்வைசர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மலையாளத்துக்காரர், நாங்கள் பேசுவது விளங்கும், எங்களுக்கு விளங்கட்டும் என்று அவரும் கொஞ்சம் தமிழைக் கலந்துகொள்வார். குடையை மடக்கி அதாலேயே சேற்றில் கிடந்த கொழுந்தைக் கிளறினார்.

"எந்தா இது? ஆரு சத்தம் போட்டது?"

 அவர் கண் என்மேல் விழுந்தது. அம்மாவின் கை என் தோளில் இறுகியது; நகம் பதிந்தது.

"கேட்டது ஒரு குட்டியோட, பிள்ளையோட சத்தமாக்கும். இவளா? இவ காட்டுக்குள்ள கேறினாளா?"

அம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்லியிருப்பாளோ. அவளுக்குப் பொய் வராது, இன்றைக்கும் அவளைப் பற்றி அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டாள்.

"பிள்ள ரோட்டுலதான் நின்னுது சாரே. சத்தம் போட்டது நான்."

"நீயா? அது சின்னக் குட்டிச் சத்தமாக்கும்."

"பயம் வந்தா எனக்குக் கொரலு அப்படித்தான் போவும்."

"எப்படி?"

அத்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பாரியான உடம்பு. குரல், மாதா கோயிலில் பாட்டுப் படித்தால் பின்வரிசையில் இருக்கிற ஆண்கள் சுருதியைக் குறைத்துக்கொள்வார்கள், அப்படி. அவள் கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, கோழிக்குஞ்சு மாதிரி "ஆனை! எம்மா, ஆனை!" என்று கத்திக் காட்டினாள். சூப்பர்வைசர் ஓரடி பின்னால் போனார். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"ஆன உண்டாயிருந்ததா? நிஜமா?"

"ஒத்தக் கொம்பன் சாரே" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். அடுத்தவள் தொடங்கினாள். "ஆமா சாரே, எடது கொம்பு கெடையாது." இன்னொருத்தி, "காதுல இம்புட்டுக் கிழிசல்." மூன்றாமவள், "என் மூஞ்சிக்கு நேர மூச்சு விட்டுது சாரே, பலாப்பழ வாசனை." வயதான ஒரு அம்மாள் நசுங்கிக் கிடந்த தேயிலைச் செடிகளைக் கைகாட்டி, "அந்தா பாருங்க, மிதிச்ச தடம்" என்றாள். அவளே விழுந்து எழுந்த இடம் அது. "வலது கொம்பு கெடையாதுன்னுல்லா நான் பாத்தேன்" என்று ஒருத்தி குழப்பினாள். "நீ பின்னால நின்னு பாத்திருப்ப" என்று இன்னொருத்தி சரிசெய்தாள். சூப்பர்வைசர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதியாகிவிட்டது என்றால் ஆனை உண்டு என்று அர்த்தம்.

நான் அம்மாவின் சேலைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நான் பார்த்தது ஒரு காதும் ஒரு கறுப்பும்தான். இவர்கள் கொம்பு, கிழிசல், மூச்சு எல்லாம் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் நான் பயந்தது போதாது.

வீட்டுக்கு வந்தால் எங்கள் தூக்குப் போணி வாசலில் இருந்தது, ஒரு பக்கம் நெளிந்து. காட்டுக்குள் எறிந்த போணி தானாக எப்படி வீட்டுக்கு வந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஆனையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து அந்த மொட்டை மரத்துச் சரிவுக்கு ஒற்றைக் கொம்பன் சரிவு என்று பெயர் வந்துவிட்டது. எஸ்டேட்டிலிருந்து பட்டாசும் காவலுக்கு இரண்டு ஆட்களும் அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் பக்கத்து எஸ்டேட்காரர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள். வாத்தியாரே குறுக்குப் பாதையை விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றி வர ஆரம்பித்தார். அதுவரை ஆனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதிருந்த என் அப்பா, கடையில் நான்கு பேர் முன்னால், "நான் அன்னைக்குப் பாத்ததும் இதே ஒத்தக் கொம்பந்தான்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தார். அன்று அவர் கை நடுங்கவில்லை. அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் சாமியாரிடம் அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, நின்ற வரிசை கோயிலுக்கு வெளியே போனது. எல்லாம் கொழுந்து பறிக்கிற பெண்கள். ஒருத்தி எழுந்து வந்தால் அடுத்தவள் முழங்காலிடுவாள். பூசை முடிந்து சாமியார் ஒற்றைக் கொம்பன் சரிவு வழியாகவே தன்னந்தனியாக நடந்து போனார். "பரிசுத்தவான், ஆனைக்குக்கூட பயமில்ல" என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். அவர் கேட்டதை வெளியே சொல்ல முடியாது என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

என் பாடுதான் மோசமாகப் போனது. பள்ளிக்கூடம் அடியோடு நின்றது. வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கப் போகவும் அம்மா துணைக்கு வர வேண்டும். சோறு இறங்காது. என்னைப் பார்த்துப் பார்த்து அம்மாவும் இளைத்தாள். முன்பெல்லாம் ஆனை என் தலைக்குள் மட்டும் இருந்தது. இப்போது சூப்பர்வைசரின் நோட்டிலும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, "பத்து மணிக்குச் சாயா கொண்டாட்டி" என்றாள். ஒற்றைக் கொம்பன் வந்த நாளிலிருந்து அவள் சாயா கேட்டதே இல்லை.

"எங்கம்மா?"

"அந்த மொட்ட மரத்துச் சரிவுக்குத்தான்."

"மாட்டேம்மா."

"எனக்குத் தொண்ட காயும். கொண்டா." என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அம்மாவுக்குத் தொண்டை காயும் என்பது அவளை ஆனை கொன்றுவிடும் என்பதைவிடச் சின்ன விஷயம்தான். ஆனாலும் அது என்னை நம்பிச் சொன்ன விஷயம். போணியை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே போனேன். பன்னீர் தெளிப்பதுபோல் தூறிக்கொண்டிருந்தது, மஞ்சும் இருந்தது. வளைவு திரும்பினேன்.

அங்கேயே நின்றது. அதே இடத்தில். அதே காது.

ஓடலாம் என்றால் கால் வரவில்லை. கத்தலாம் என்றால் குரல் வரவில்லை. சாயா கொட்டிவிடக் கூடாது என்று போணியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் இருந்த ஒரே திறமை அதுதானே. எதைக் கண்டாலும் விடாமல் பார்ப்பது.

காது ஆடியது. மறு காது ஆடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். மறு காது இல்லவே இல்லை. கொம்பு ஒன்றுகூட இல்லை. வயிறு ஏறி இறங்கவில்லை. எவ்வளவு நேரம் மூச்சு விடாமல் இருக்கும்? நான் எண்ணினேன், எனக்குத் தெரிந்த எண்கள் முடிந்துபோயின. காற்று அடித்தால் காது ஆடியது, நின்றால் நின்றது. அப்புறம் காதின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. ஆனைக்கு எங்கே சிவப்புக் கரை? கரைக்கு மேலே ஒரு நீல ஒட்டு. அத்தை மகனின் பழைய நிக்கர் துணி. அந்த ஒட்டை அத்தை வாசலில் உட்கார்ந்து தைத்ததை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடி விழுந்து ஆள் உயரத்துக்கு நின்ற மொட்டை மரம். அதன்மேல் அத்தையின் கம்பளி.

கிட்டே போனேன். காதைத் தொட்டேன். ஈரக் கம்பளி வாடை அடித்தது. என் வயிற்றில் மாதக்கணக்காக இருந்த கல் ஒன்று கரைந்து, முதலில் அழுகையாகவும் அப்புறம் சிரிப்பாகவும் வந்தது.

செடிகளுக்கு இடையிலிருந்து அத்தை ஏறி வந்தாள். தலை மயிரெல்லாம் நெற்றியில் ஒட்டி, சேலை உடம்போடு ஒட்டி, தெப்பமாக நனைந்திருந்தாள். பல் அடித்துக்கொண்டது. முகம் எப்போதும்போல் சுள்ளென்று இருந்தது.

"என்னட்டி இளிக்க? அந்தச் சாயாவக் குடு."

அம்மாவுக்குக் கொண்டு வந்த சாயா. பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுச் சாயா. மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் போணி மூடியில் ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். இரண்டு தும்மல் போட்டாள். கம்பளியை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள். "நின்னு நனையாத, போ" என்று சொல்லிவிட்டு நிரைக்குள் போய்விட்டாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாவம் அத்தை என்று தோன்றியது. தன் கம்பளியைத் தானே மரத்தில் போட்டுவிட்டு, அதையே ஆனை என்று நினைத்து, கொம்புவரை சொல்லியிருக்கிறாளே. முப்பது பெரிய மனுஷிகள் சேர்ந்து ஒரு கம்பளிக்குப் பயந்து உருண்டிருக்கிறார்களே. எட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்ததை ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லையே. அத்தையிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வந்தது. வெட்கப்படுவாள் என்று விட்டுவிட்டேன். அந்த ரகசியத்தை அவள்மேல் வைத்த இரக்கத்தினால் பல வருஷம் காப்பாற்றினேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

அன்றிலிருந்து ஒற்றைக் கொம்பன் சரிவில் பயமில்லாமல் நடந்த ஒரே பிள்ளை நான்தான். மற்றவர்கள் வாத்தியாரோடு சேர்ந்து ரோட்டைச் சுற்றி வருவார்கள். நான் குறுக்கே ஏறி அவர்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பேடிச்சி என்று கூப்பிட்ட பயல்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் நடக்க ஆளுக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் ஃபோன் அகாலத்தில் அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று இருக்கும். ஆனால் பயம் வந்தால் கண்ணை மூடுவதில்லை, நின்று பார்ப்பேன். ஜன்னலுக்கு வெளியே காவலுக்கு ஆள் தேவைப்படாமல் போனதால் கரும்பலகையையும் கொஞ்சம் பார்த்தேன். மறு வருஷம் தம்பி பிறந்தான், பள்ளிக்கூடம் நின்றது. இன்றைக்கு நான் எழுத்துக்கூட்டி எழுதுகிற இவ்வளவும் அந்த ஒரு வருஷத்துச் சம்பாத்தியம்.

மழை முடிந்து அம்மாவின் பேர் பதிந்தார்கள். முதல் கம்பளியை அவள் கோயிலுக்குக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்து எடுத்து வந்தாள்.

ஒன்றை விட்டுவிட்டேன். நான் கம்பளியைத் தொட்ட நாளுக்குப் பிறகு அத்தை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். அம்மா எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை அரிவாள் எடுக்காமல் கொடியிடம் போனாள். எங்கள் கூரையில் நீண்டிருந்த சௌசௌத் தளிரைப் பிரித்து, மூங்கில் குச்சி ஒன்றைக் கட்டி, அத்தை வீட்டுக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டாள்.

"ஏம்மா அங்கன விடுத?" என்றேன்.

"அது போற பக்கம் போவட்டும். ஒனக்கென்ன?"

அம்மா தோற்றுவிட்டாள் என்று எனக்கு அழுகை வந்தது.

பதினெட்டு வயதில் என் பேரும் பதிந்தது. கையெழுத்து நானே போட்டேன். இந்த மலையில் என்னைவிட வேகமாகக் கொழுந்து பறித்தவள் இல்லை, அது வேறு கதை. முதல் ஆடி மாதம், முதல் மழை, என் சொந்தக் கம்பளி. அதே சரிவு, மொட்டை மரம் உளுத்து இடுப்பளவுக்கு ஆகியிருந்தது. தூறிக்கொண்டிருந்தது. கம்பளிக்குள் ஓர் அட்டை புகுந்துவிட்டது என்று, அதை எடுக்க ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் கம்பளியைக் கழற்றினேன். ஆடி மழை முதுகில் ஊசி ஊசியாக இறங்கியது. பல் தானாக அடித்தது. அவசரமாகப் போர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். முப்பது நிரையிலும் முப்பது கறுப்புக் கூம்பு. ஒருத்தியும் கழற்றவில்லை. தூறலில் கம்பளியைக் கழற்றுகிறவள் இந்த மலையில் கிடையாது.

என் கை கொழுந்தில் அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்கும் தூறல்தான். நான் வளைவு திரும்புவதற்கு எவ்வளவு நேரம் முன்பிருந்து அத்தை அப்படி நின்றாள்? நான் அழுதுகொண்டு மெதுவாகத்தான் வந்தேன். நான் எண்ணி முடிக்கிறவரை, காதைத் தொடுகிறவரை அவள் செடிக்குள் நனைந்துகொண்டு இருந்திருக்கிறாள். அம்மா அன்றைக்கென்று சாயா கேட்டிருக்கிறாள். அப்படியானால் கொடிக்காக ஒரு வருஷம் முகம் பார்க்காத இரண்டு பேர் அதற்கு முன்பு எங்கேயோ நின்று பேசியிருக்கிறார்கள். குழாயடியிலா, கோயில் வாசலிலா, எந்தச் சொல்லை யார் முதலில் சொன்னார்களோ. எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த நான் அதை மட்டும் கவனிக்கவில்லை.

பக்கத்து நிரையில் அத்தை பறித்துக்கொண்டிருந்தாள். மயிர் நரைத்துவிட்டது, விரல் மட்டும் அதே ஓட்டம். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிராமலே சொன்னாள்.

"கொழுந்தப் பாருட்டி. என் மூஞ்சில என்ன, ஆனையா நிக்கி?"